டிராக் டேவுக்குப் போகிறேன்: டயரை மாற்றணுமா, காற்றை மாற்றணுமா?

கேள்வி (கோவை வாசகர்): என்னிடம் போலோ 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது. 195/55 ஆர்16 டயர், பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் முதல் தடவையாக ஓட்டப் போகிறேன். ரேஸ் இல்லை, ஆசைக்குத்தான். நல்ல டயராக மாற்றிக்கொண்டு போ என்கிறார்கள் நண்பர்கள். காற்று விஷயத்தில் ஒருவர் 30 வை என்கிறார், இன்னொருவர் 37 இருக்கணும் என்கிறார். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. நைட்ரஜன் அடித்தால் நல்லதா? எதை நம்புவது?

பதில்: உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 30 என்றவர் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அளவைச் சொல்கிறார். 37 என்றவர் டிராக்கில் சுற்றிவிட்டு வந்ததும் காற்றை அளக்கும் கேஜில் தெரியும் அளவைச் சொல்கிறார். டிராக்கில் முக்கியம் இந்த இரண்டாவது எண்தான். டயர் பிடித்து ஓடுவது சூடான நிலையில். குளிர்ந்த அளவு அந்தச் சூட்டு அளவுக்குப் போய்ச் சேர நாம் வைக்கும் ஆரம்பப் புள்ளி, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். காலை 30 டிகிரியில் ஸ்டிக்கர் சொன்ன 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். நாலைந்து சுற்று அழுத்தி ஓட்டினால் முன் டயருக்குள் இருக்கும் காற்று 80 டிகிரிக்குச் சுலபமாகப் போய்விடும். அடைபட்ட காற்று சூடானால் அழுத்தம் கூடும். ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். 50 டிகிரி ஏறினால் எட்டு பிஎஸ்ஐ. ஆக, 33 வைத்தவர் 41-ல் திரும்பி வருவார். டயரின் நடுப்பகுதி புடைத்து, சாலையைத் தொடும் பரப்பு சுருங்கி, வண்டி வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே வண்டி 30-ல் இறங்கியிருந்தால் 37 பக்கத்தில் வந்து நின்றிருக்கும். உங்களுடையதைப் போன்ற முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்கில், சாதாரண ரோட்டு டயருக்கு, சூட்டில் 36 முதல் 38 வரை என்பது தொடங்க நல்ல இலக்கு.

இந்த 30-ஐ மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டாம். சென்னையில் விடிகாலைக்கும் மதியம் 2 மணிக்கும் இடையே வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு டிகிரி மாறும். அதுவே இரண்டு பிஎஸ்ஐ. வெயிலில் நிறுத்திய வண்டியில் வெயில் பட்ட பக்கத்து டயர் ஒரு மாதிரி காட்டும், நிழல் பக்கத்து டயர் வேறு மாதிரி காட்டும். நண்பர் சொன்ன குளிர்ந்த அளவு அவருடைய வண்டிக்கு, அவர் ஓட்டிய நேரத்துக்கு, அவருடைய காலுக்கு. உங்களுக்கு உங்கள் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேளையாக, அது அரை நாள் வேலைதான்.

அதற்கு முதலில் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். டயர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது. பெட்ரோல் பங்கில் உள்ள மெஷின் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உங்கள் கேஜும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டலாம், பரவாயில்லை. எப்போதும் அதே கேஜில் பார்த்தால் ஒப்பீடு சரியாக வரும். காற்றை இறக்கும் பட்டன் உள்ளதாக இருந்தால் இன்னும் வசதி.

முதல் செஷனுக்கு, அதாவது டிராக்கில் முதல் தடவை இறங்கும்போது, ஸ்டிக்கர் அளவிலேயே இறங்குங்கள். டிராக்குக்கு ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் வந்தவுடன் அளக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது வண்டி ஆறட்டும். முதல் சுற்று மெதுவாக, டயரும் பிரேக்கும் சூடேற. அப்புறம் நாலைந்து சுற்று உங்கள் வேகத்தில். சூட்டளவு பார்க்க வேண்டும் என்றால், பெரிய பிரேக் இல்லாமல் நிதானமாக உள்ளே வந்து ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் அளந்துவிட வேண்டும். ஆறவிட்டு அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கொதிக்கிற பிரேக்கோடு ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், கியரில் நிறுத்தி சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

எந்த டயரை முதலில் அளப்பது? இருங்காட்டுக்கோட்டை கடிகாரத் திசையில் ஓடும் டிராக், 3.7 கிலோமீட்டர் சுற்று. வலப்பக்க வளைவுகள் அதிகம் என்பதால் எடை இடப்பக்கம் சாயும். உங்கள் வண்டியில் எஞ்சினும் முன்னால், இழுவையும் முன்னால், ஸ்டீயரிங்கும் முன்னால். எல்லாப் பாரத்தையும் வாங்குவது இடது முன் டயர். அங்கே தொடங்கி, வலது முன், பிறகு பின்னால் இரண்டு என்று அதே வரிசையில் ஒவ்வொரு முறையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். இடது முன்பக்கம் 41 என்றால் 37-க்கு இறக்குங்கள். வலது முன்பக்கம் அதைவிடக் குறைவாகக் காட்டினால் அதையும் 37-க்குக் கொண்டுவருவதுதான் வேலை, இரண்டிலும் ஒரே அளவு காற்றை இறக்குவது தவறு. அடுத்த செஷனுக்கு முன், டயர் முழுக்க ஆறியதும் எவ்வளவு காட்டுகிறதோ அதுதான் உங்கள் குளிர்ந்த அளவு. இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறு வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், டிராக்கில் அது சகஜம்.

பின் டயர்கள் இவ்வளவு சூடாகாது. இங்கேதான் ஒரு சின்ன அரசியல் உண்டு. பழகியவர்கள் பின்பக்கம் காற்றைக் கூட்டிவைப்பார்கள். பின் டயரின் பிடி குறைந்தால் வண்டியின் வால் வெளியே நகர்ந்து, மூக்கு வளைவுக்குள் திரும்பும். முன்சக்கர இழுவை வண்டியில் வேகத்தைக் கூட்ட அது ஒரு வழி. ஆனால் முதல் தடவை ஓட்டுகிறவர் வளைவு நடுவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பார். எல்லோரும் எடுப்போம். அந்த நேரத்தில் எடை முழுக்க முன்னால் போய், பின்பக்கம் பிடியில்லாமல் சுழன்றுவிடும். ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: பின்பக்கச் சூட்டளவும் முன்பக்கத்தைப் போலவே, அல்லது ஒன்று குறைவாக. இந்த அமைப்பில் வண்டி மூக்கால் தள்ளிக்கொண்டு போகும்தான். வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் பிழை அது.

எண் சரியா என்று டயரிடமே கேட்கவும் ஒரு வழி உண்டு. டயரின் ஓரப் பட்டனிலிருந்து சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) வரை சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள், ஒரு டயருக்கு மூன்று இடத்தில். நிறைய டயர்களில் தோள்பட்டைப் பக்கம் சின்ன முக்கோணக் குறி இருக்கும். செஷன் முடிந்து பார்க்கும்போது அந்த முக்கோணம் வரை சாக்பீஸ் அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி சைடுவால் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதவில்லை. முக்கோணத்துக்கு வெகுமுன்பே கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். ஒரு எச்சரிக்கை: ரோட்டுக்குச் செய்த வண்டியில் வளைவில் வெளி ஓரம் கூடுதலாகத் தேய்வதை முழுக்கத் தடுக்க முடியாது. சக்கரத்தின் சாய்மான அமைப்பே அப்படி. அதைச் சரிசெய்கிறேன் என்று 42, 44 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். மறுபக்கம், டிராக் என்றால் காற்றைக் குறைத்தால் போதும் என்று குளிர்ந்த நிலையில் 26, 25 என்று இறக்குகிறவர்களும் உண்டு. ரோட்டு டயரின் சைடுவால் அதற்குத் தாங்காது. மடங்கி மடங்கி உள்ளே சூடேறும், கடைசியில் ரிம்மிலிருந்து விளிம்பு நழுவவும் வாய்ப்புண்டு.

சரி, டயரை மாற்றணுமா? இப்போது வேண்டாம். பாதி தேய்ந்த டயர் காய்ந்த டிராக்குக்கு உண்மையில் நல்லது. புது டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். வளைவில் அந்த உயரமான கட்டிகள் அசைந்து நெளிந்து அளவுக்கு மீறிச் சூடாகி, துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். புது டயர் வாங்கி நேராக டிராக்கில் இறக்குவது காசைக் கரியாக்குவதுதான். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், அதே டயரில் போகாதீர்கள்.

அதைவிட முக்கியமான சோதனை வேறு. சைடுவாலில் நாலு இலக்கத் தயாரிப்புக் குறி இருக்கும். 2421 என்றால் 2021-ம் ஆண்டின் 24-வது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதுசாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், டிராக்குக்கு வேண்டாம். பஞ்சர் ஒட்டிய டயரும் வேண்டாம். ரோட்டில் வருஷக்கணக்கில் தாங்குகிற அந்த ஒட்டு, சூட்டிலும் பக்கவாட்டு இழுப்பிலும் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. சைடுவாலில் வீக்கமோ வெட்டோ இருந்தால் பேச்சே இல்லை.

இரண்டு மூன்று டிராக் டே போய், ஆசை தெளிந்தபிறகு டயர் வாங்கலாம். அப்போது சைடுவாலில் ட்ரெட்வேர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 400-க்கு மேல் என்றால் நீண்ட நாள் உழைக்கும் கெட்டி ரப்பர். 300 பக்கம் வந்தால் ஸ்போர்ட்ஸ் வகை. வெளிநாட்டு அமெச்சூர் போட்டிகளில் பேசப்படும் வகை 200. இந்த எண்ணைக் கம்பெனிகள் தாங்களே சோதித்துப் போடுகின்றன. அதனால் ஒரு பிராண்டின் 300-ஐ இன்னொன்றின் 320-ஓடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. இங்கே இன்னொரு சிக்கல்: 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து 200 ரக டயர்கள் நம் ஹேட்ச்பேக் அளவுகளில் கைக்கு எட்டுவது கஷ்டம். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா, யோகோஹாமா அட்வான் போன்ற வரிசைகளில் உங்கள் அளவு இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். எதை வாங்கினாலும் நாலும் ஒரே டயராக இருக்கட்டும். வண்டியோடு வந்த டயரின் சுமை எண்ணுக்கும் வேகக் குறிக்கும் குறையக் கூடாது. சுமை எண் 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். ஹெச் என்றால் மணிக்கு 210, வி என்றால் 240 கிலோமீட்டர்.

பட்டனே இல்லாத வழவழப்பான பந்தய ஸ்லிக் டயர் பக்கம் போகாதீர்கள். ரோட்டு டயர் எல்லையை நெருங்கும்போது முதலில் முனகும், பிறகு கத்தும், அதற்குப் பிறகுதான் நழுவும். அந்தச் சத்தம்தான் உங்களுக்கு இலவச ஆசான். ஸ்லிக் அதிகம் பிடிக்கும், ஆனால் அதிகம் பேசாது. விட்டால் ஒரேயடியாக விடும். டயரில் போடவிருந்த பணத்தில் பிரேக் ஆயிலைப் புதுசாக மாற்றி, நல்ல பிரேக் பேட் போடுங்கள். இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்பாதை முடிவில் டயரை விடப் பிரேக்தான் முதலில் மூச்சுவாங்கும்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் அழுத்தம் ஏறுவது இரண்டுக்கும் ஒரே மாதிரி. நைட்ரஜன் ஈரமில்லாமல் வரும், பங்க் கம்ப்ரஸரில் ஈரம் இருக்கலாம். அந்த ஈரம் ஆவியானால் அளவு கொஞ்சம் தாறுமாறாக ஏறும், அதுதான் வித்தியாசம். கிடைத்தால் அடியுங்கள், தேடிப்போக வேண்டாம்.

மழை வந்தால் இந்தக் கணக்கு மாறும். ஈர டிராக்கில் டயர் சூடாகாது. 30-ல் இறங்கினால் 32-ல் நின்றுவிடும். அதனால் ஸ்டிக்கர் அளவுக்கோ அதற்கு ஒன்றிரண்டு மேலோ வைத்துக்கொள்ளுங்கள். காற்று கூடுதலாக இருந்தால் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகவும் உதவும்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டீயரிங் திடீரென்று மந்தமாகி, எண்ணெய் தடவியது போல முன்பக்கம் வழுக்கினால் டயர் சூடு அளவை மீறிவிட்டது. ஒரு சுற்று மெதுவாகப் போங்கள், பிடி திரும்பி வந்துவிடும். உடனே காற்றை இறக்கும் வேலை வேண்டாம்.

மாலையில் கிளம்பும்போது சக்கரத்து நட்டு போல்ட்டை வண்டி கையேட்டில் சொன்ன முறுக்குக்குச் சரிபாருங்கள், சூடு ஆறிய பிறகு. பிறகு காற்று. நாள் முழுக்க இறக்கி இறக்கி, ஆறிய டயரில் 29, 30 தான் இருக்கும். டிராக்குக்கு வெளியே பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கிருந்து கோவைக்கு ஐந்நூறு கிலோமீட்டர், பெட்டி படுக்கை, கூட ஆட்கள் வேறு. முதல் பங்கிலேயே நிறுத்தி 33-க்கு ஏற்றிவிட்டுப் புறப்படுங்கள்.