தாத்தாவோட கொலஸ்ட்ரால்தான் அவளை ஜெனடிக்ஸ் படிக்கச் சொல்லுது அக்கா

அக்கா, சனிக்கிழமை டர்பன் சாட்ஸ்வொர்த்ல என் எதிர்ல உட்கார்ந்து ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டீங்க, "எம்பொண்ணு, எங்கப்பா 44 வயசுல மாரடைப்புல போனதையே நெனச்சிக்கிட்டு ஜெனடிக்ஸ் படிக்கணும்ங்கிறா, அதுல பொழப்பு நடக்குமா"னு. நடக்கும். எப்படின்னு சொல்றேன், ஆனா அதோட வேற ஒண்ணும் பேசணும்.

உங்க பொண்ணு ஒரு போட்டோ காட்டினா, பாத்தீங்களா? உங்கப்பா காவடி எடுத்து வெறுங்கால்ல நடந்து போறாரு, பின்னாலேர்ந்து எடுத்தது. குதிகாலுக்கு மேல ரெண்டு பக்கமும் தசைநாண் கட்டி மாதிரி தடிச்சிருக்கு. செருப்பு உரசினதுன்னு நீங்க எல்லாரும் நெனச்சிருக்கீங்க, ஆனா அது கொலஸ்ட்ரால் படிஞ்சதாவும் இருக்கலாம். அவருக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 7.4ன்னு ரொம்ப அதிகமா பழைய ரிப்போர்ட்லயும் இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்து "பரம்பரை கொலஸ்ட்ராலா இருக்குமோ"னு பதினாறு வயசுப் பொண்ணு கேக்குறா. இந்தக் கண்ணு எல்லாருக்கும் வராதுக்கா.

ரத்தத்துல இருக்கிற எல்டிஎல்லை கல்லீரல் பிடிச்சு எடுக்க ஒரு ரிசெப்டர் வேணும், அதோட ஜீன் பழுதாப் பொறந்தா சின்ன வயசுலேர்ந்தே கொழுப்பு ரத்தக்குழாய்ல படிஞ்சிக்கிட்டே வரும். அந்த ரிசெப்டரைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் கெடச்சுது. உலகத்துல சுமார் 250-300 பேர்ல ஒருத்தருக்கு இது இருக்கு, நம்ம தென்னாப்பிரிக்காவுல டச்சு வம்சாவளி ஆப்பிரிக்கானர் மக்கள்ல அதைவிட ரொம்ப அதிகம். இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. பிசிஎஸ்கே9ன்னு ஒரு ஜீனை 2003ல கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமா இருந்த பிரெஞ்சுக் குடும்பங்கள்ல பிடிச்சாங்க (அவங்களுக்கு அது மிஞ்சி வேலை செஞ்சுது), அதே ஜீனோட ரெண்டு பிரதில ஒண்ணு வேலை செய்யாமப் பொறந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28% கம்மி, இதய நோய் 88% கம்மின்னு 2006ல அமெரிக்காவோட டாலஸ் ஊர் ஆராய்ச்சியாளருங்க காட்டினாங்க, 2015ல அந்த ஜீனோட வேலையைத் தடுக்கிற ஊசி மருந்தே வந்துருச்சு. பன்னெண்டு வருஷம்தான்! நூறு வயசு தாண்டினவங்க குடும்பங்களைத் தேடிப்போய் சிஇடிபின்னு இன்னொரு கொலஸ்ட்ரால் ஜீனைப் பாத்த ஆராய்ச்சியும் இருக்கு. ஆனா ஆயுசு எவ்வளவுங்கிறது மொத்தமா ஜீன்லயே எழுதியிருக்குன்னு அவ நம்பிடக்கூடாது, டென்மார்க் இரட்டையர் ஆய்வுல பரம்பரையோட பங்கு கால்வாசிதான் வந்துது.

சரி, படிப்பு. மேத்ஸை விட்டுட்டு மேத்ஸ் லிட்டரசிக்கு (அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கிற சுலபமான பாடம்) மாத்த விடாதீங்க, அந்தக் கதவு சாத்தினா திரும்பத் தெறக்காது. லைஃப் சயன்ஸ், ஃபிசிக்கல் சயன்ஸ் ரெண்டும் வேணும். யூகேஇசட்என்ல (குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம்) பிஎஸ்சி, அப்புறம் ஆனர்ஸ், இதை டர்பன்லயே முடிக்கலாம், அப்ளிகேஷன் சிஏஓங்கிற மத்திய விண்ணப்ப ஆபீஸ் வழியா, லெவன்த் மார்க்கைத்தான் மொதல்ல பாப்பாங்க. பரம்பரை நோய் பத்தி குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்ற ஜெனடிக் கவுன்சிலர் ஆகணும்னா ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்துல இல்ல கேப் டவுன் யூசிடில ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் படிச்சு எச்பிசிஎஸ்ஏங்கிற சுகாதாரத் தொழில் கவுன்சில்ல பதிவு பண்ணணும். சீட் கம்மி, அரசு ஆஸ்பத்திரில போஸ்ட்டும் கம்மி, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அதனாலதான் லேப் பக்கம் மெடிக்கல் சயன்டிஸ்ட் வழியையும் சேத்து வச்சிக்கச் சொல்றேன். மெடிசின் கெடச்சா போகட்டும், டாக்டராகிட்டும் ஜெனடிக்ஸ் ஸ்பெஷலிஸ்ட் ஆகலாம், ஆனா அது கெடைக்கலைன்னா அவ தோத்துட்டானு வீட்ல யாரும் பேசாதீங்க.

இப்ப நான் முன்னாடி சொன்ன அந்த ஒண்ணு. உங்கப்பாவுக்கு அந்த ஜீன் இருந்திருந்தா உங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, உங்களுக்கு வந்திருந்தா அவளுக்கும் அப்படியே. மொதல்ல டெஸ்ட் எடுக்க வேண்டியது நீங்கதான் அக்கா. இந்த வாரமே லிப்போகிராம்ங்கிற கொலஸ்ட்ரால் ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுங்க, உங்க தம்பியையும் எடுக்கச் சொல்லுங்க. இருந்தாலும் பயப்படாதீங்க, சீக்கிரமே மாத்திரை ஆரம்பிச்சா நல்லாவே கட்டுப்படும். டாக்டர்கிட்ட போறப்போ அந்தப் பழைய ரிப்போர்ட்டும் காவடி போட்டோவும் கையில இருக்கட்டும், பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, அவளே விவரம் சொல்லட்டும்.