ஆன்லைனில் விற்கத் தொடங்குபவர் எந்தச் சுருக்கெழுத்துகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அமேசான், பிளிப்கார்ட்டில் கடை திறக்கப் போகிறேன், எஸ்கேயு, ஆர்டிஓ, டிசிஎஸ் என்று ஏதேதோ சொல்கிறார்களே, எது முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கரூரிலிருந்து பெட்ஷீட்டும் குஷனும் விற்கிறேன். பணத்தைப் பிடிக்கிற வார்த்தைகளை முதலில் படியுங்கள். மற்றதெல்லாம் விற்க விற்கப் பழகிவிடும்.

என்னைப் போல மெத்துமெத்தென்ற சரக்கு விற்பவருக்கு முதல் எதிரி வால்யூமெட்ரிக் வெயிட். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அந்த எடையா, தராசு காட்டும் எடையா, எது அதிகமோ அதற்குத்தான் அனுப்பும் கட்டணம். 2 கிலோ குஷன் செட்டை 40×40×30 பெட்டியில் போட்டால் கணக்கில் அது 9.6 கிலோ! காற்றை உறிஞ்சி 10 செ.மீ. உயரத்துக்கு அமுக்கினால் 3.2 கிலோ. விலை வைப்பதற்கு முன்னாலேயே பெட்டியை அளந்துவிடுங்கள்.

அடுத்தது ஆர்டிஓ. வாங்கியவர் கைக்குப் போகாமலே பார்சல் திரும்பி வருவது. வீட்டில் ஆள் இல்லை, 'வேண்டாம்' என்றுவிட்டார், முகவரி தப்பு, இப்படி. சிஓடி, அதாவது பொருள் வந்ததும் காசு கொடுக்கும் ஆர்டர்களில் இது அதிகம். கஸ்டமர் ரிட்டர்ன் வேறு. அது பிரித்துப் பார்த்த பிறகு திருப்பி அனுப்புவது. இரண்டுக்கும் கட்டணம் தளத்துக்குத் தளம் மாறும். திரும்பி வந்த பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். உள்ளே பழைய துணி இருந்தால் நஷ்ட ஈடு கேட்க அதுதான் ஆதாரம். அமேசானில் இதற்கு சேஃப்-டி கிளைம் என்று பெயர்.

டிசிஎஸ், டிடிஎஸ் இரண்டையும் பார்த்து பயப்பட வேண்டாம். ஜிஎஸ்டிக்காகத் தளம் பிடிக்கும் டிசிஎஸ் 2024 ஜூலையிலிருந்து 0.5 சதவீதம், வருமான வரிக்கான டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம். இரண்டுமே உங்கள் வரிக் கணக்கில் வரவாகும் பணம். கேட்டு வாங்காமல் விடுபவர்கள் நிறைய. தளம் எடுக்கும் கமிஷன் அப்படி இல்லை, போனால் போனதுதான்.

விளம்பரம் போட்டால் ஏகாஸ் பாருங்கள், அதாவது விளம்பரத்தால் வந்த விற்பனையில் விளம்பரச் செலவு எத்தனை சதவீதம் என்பது. 300 ரூபாய் செலவழித்து, அதனால் 1,000 ரூபாய்க்கு விற்றால் ஏகாஸ் 30 சதவீதம். உங்கள் லாபமே 20 சதவீதம் என்றால் விற்க விற்க நஷ்டம்தான்.

எஸ்கேயு உங்கள் சரக்குக்கு நீங்களே வைக்கும் அடையாளம். ஏசின் அமேசான் தரும் 10 எழுத்துக் குறி, பிளிப்கார்ட்டில் எஃப்எஸ்என். ஹெச்எஸ்என் ஜிஎஸ்டிக்கான எண்: பெட்ஷீட்டுக்கு 6302, பஞ்சு அடைத்த குஷனுக்கு 9404.

எஃப்பிஏ என்றால் சரக்கை அமேசான் கிடங்கில் வைத்துவிடுவது. பேக்கிங், டெலிவரி எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடங்கு வாடகை நம் தலையில். அந்தக் கிடங்கின் முகவரியை உங்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும், ஏபிஓபி என்பது அதுதான். சரக்கு அனுப்புவதற்கு முன்பே ஆடிட்டரிடம் சொல்லி இதை முடித்துவிடுங்கள்.