நெஞ்சுவலி: வாசகர் கேள்விகளுக்கு இதய மருத்துவர் பதில்

டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றார்கள். இரண்டே மாதத்தில் சித்தப்பாவுக்கு மாரடைப்பு. டெஸ்ட் தப்பா?
- வாசகர், கரூர்

டெஸ்ட் சரிதான், அது பார்ப்பது வேறு. இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர் விட்டம்தான். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் அடைத்தால்தான் நடக்கும்போது வலிக்கும், டிரெட்மில்லிலும் தெரியும். மாரடைப்பு வர அவ்வளவு அடைப்பு வேண்டியதில்லை. குழாயை 40 சதவீதமே அடைத்த கொழுப்புப் படிவின் மேல்தோல் திடீரென்று கிழியும். உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு அங்கே ரத்தத்தை உறையவைக்கும். சில நிமிடங்களில் குழாய் மொத்தமும் அடைந்துபோகும். 'அடைப்பு 40தானே டாக்டர்' என்று கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அந்த மேல்தோலைக் கெட்டிப்படுத்துவதே அந்த மாத்திரைதான். பீடி, சிகரெட் செய்வது நேர் எதிர் வேலை.

வாயுவா, மாரடைப்பா? வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், ஆம்பூர்

முடியாது. ஈசிஜி இல்லாமல் என்னாலும் முடியாது. நடு நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, சட்டை நனைகிற வியர்வை என்றால் 108-ஐ அழையுங்கள். சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள், பைக்கையும் எடுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள், பெண்கள், முதியவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். முதல் ஈசிஜி நார்மல் என்றதும் வீட்டுக்குக் கிளம்புவதும் ஆபத்து. சில மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜியும் இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஆஞ்சியோ வசதி இல்லை. மதுரை போகவே இரண்டு மணி நேரம்.
- வாசகி, கமுதி

நேரே மதுரைக்குக் கார் பிடிக்காதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் முதலில் ஈசிஜி எடுங்கள். குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பாக இருந்து, அடைப்பை பலூனால் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், தகுந்தவர்களுக்கு உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் அதிகம். பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாம். மதுரைக்கு அதன் பிறகு போகலாம். தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டாட்டின் வகையான அடோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் தருகிறார்கள்.

பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
- வாசகர், திருச்சி

நிற்காது.

ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம். பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தலாமா?
- வாசகி, சேலம்

நீங்களாக நிறுத்தவே கூடாது. குழாயைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும். மாரடைப்புக்காக வைத்ததென்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரையும் வழக்கமாக ஓராண்டு வேண்டும். பல் பிடுங்கிய இடத்து ரத்தக்கசிவு பெரும்பாலும் பஞ்சை வைத்து அழுத்தினாலே நின்றுவிடும். பல் மருத்துவரை உங்கள் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.