சிறைக் கைதிகளுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா? இந்தியாவில் அது ஏன் இல்லை?

கொடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில். வழக்கு நடந்துகொண்டிருக்கும் விசாரணைக் கைதிகளுக்கு மட்டுமல்ல, தண்டனை பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் இதே கேள்விக்கு, "தப்பு செஞ்சவனுக்கு எதுக்கு ஓட்டு?" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். என்னை மாற்றியது ஒரு தேர்தல் டியூட்டி.

நான் ஆசிரியர் வேலையில் இருக்கிறேன். அந்தத் தேர்தலில் எனக்கு முதலாம் வாக்குச்சாவடி அலுவலர் பொறுப்பு. வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடி, வரிசை எண்ணையும் பெயரையும் ஏஜெண்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிக்க வேண்டும். ஓட்டுப் போட வந்தவரின் கட்டத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு வயதான அம்மா வந்தார். அவர் பெயரைப் படித்தேன், கோடு போட்டேன், விரலில் மை வைத்தார்கள், ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். வெளியே போகாமல் நேராக என் மேசைக்கே திரும்பி, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு பூத் சிலிப்பை எடுத்து நீட்டினார்.

"இது என் மவனோடது சார். அவன் உள்ள இருக்கான். அவனுக்குப் பதிலா நான் போட்டுறட்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "உள்ளேன்னா?"

"ஜெயில்ல. கேஸ் இன்னும் முடியல. ரெண்டு வருசமாச்சு."

ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட முடியாது என்று எங்கள் தலைமை அலுவலர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மா வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் போட முடியாதுன்னா, பேரு மட்டும் ஏன் சார் இருக்கு?"

"சட்டம் அப்படிம்மா" என்றேன். அது பதிலே இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பட்டியலைப் புரட்டினேன். அம்மா பெயருக்குக் கோடு இருந்தது. அடுத்த கட்டம் சும்மா கிடந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 62(5). சிறையில் அடைக்கப்பட்டிருப்பவர், அது தண்டனையாலோ வேறு எப்படியோ, எந்தத் தேர்தலிலும் வாக்களிக்கக் கூடாது. போலீஸ் காவலில் இருப்பவருக்கும் அதேதான். குற்றம் நிரூபணமானதா என்ற கேள்வியே அந்த வரியில் கிடையாது. ஓட்டுப்பதிவு அன்று ஆள் எங்கே இருக்கிறார் என்பது மட்டும்தான் கணக்கு.

இதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்குக் கீழ்க்கோர்ட்டில் ஏழு வருடத் தண்டனை விழுகிறது, மேல்முறையீடு செய்து பெயிலில் வெளியே வந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தாராளமாக வரிசையில் நின்று ஓட்டுப் போடலாம். சின்னத் திருட்டு வழக்கில் ரிமாண்ட் ஆகி, ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர் போட முடியாது. அவர் இன்னும் குற்றவாளி என்றே தீர்ப்பாகவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரிவே விலக்குக் கொடுத்திருக்கிறது. அதாவது குண்டாஸில் உள்ளே போனவர் தபால் ஓட்டுப் போடலாம், பக்கத்து பிளாக்கில் இருக்கும் விசாரணைக் கைதி போடக் கூடாது. இந்தப் பாகுபாட்டுக்கு எனக்கு ஒப்புக்கொள்ளும்படியான ஒரு காரணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இது ஏதோ நாலு பேர் பிரச்சினையும் இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் சுமார் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

அந்த அம்மாவின் கேள்விக்கும் ஒரு வழியாகப் பதில் கிடைத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம், ஓட்டுப் போட முடியாதவர் வேட்பாளராகவும் நிற்க முடியாது, எனவே சிறையில் இருப்பவர் போட்டியிடக் கூடாது என்று சொன்னது. நாடாளுமன்றம் அதே வருடம் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தியது. ஓட்டுப் போடத் தடை இருந்தாலும் பட்டியலில் பெயர் உள்ளவர் வாக்காளர்தான், ஆகவே நிற்கலாம் என்று எழுதிவிட்டார்கள். பெயர் இருப்பதன் பயன் அங்கே போய் நிற்கிறது. 2024-ல் காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத் டெல்லி திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே பாராமுல்லாவில் நின்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1977-லேயே சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்து நின்று பீகாரின் முசாபர்பூரில் ஜெயித்திருக்கிறார். அவர்கள் நின்றது தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் உள்ளே இருக்கும் ஒருவரை நாட்டுக்குச் சட்டம் இயற்ற அனுப்பலாம், அதே ஆள் ஒரு பட்டனை அழுத்தக் கூடாது என்றால், அந்தத் தடைக்கு என்ன அர்த்தம்? கட்சிகளுக்குத் தேவைப்பட்ட பாதியைத் திருத்திக்கொண்டு, சாதாரணக் கைதிக்குத் தேவையான பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களை உச்ச நீதிமன்றமே 1997-ல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் வரிசைப்படுத்தியது. தன் நடத்தையால் சிறைக்குப் போனவர், வெளியே இருப்பவருக்குச் சமமான சுதந்திரம் கேட்க முடியாது. சிறையில் தேர்தல் நடத்தப் போலீசும் ஏற்பாடும் அதிகம் வேண்டும். குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். முதல் காரணம் விசாரணைக் கைதிக்குப் பொருந்தவே பொருந்தாது. கடைசிக் காரணத்தின் கதி 2013-ல் என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன். ஏற்பாடு, செலவு என்பதற்கு வருவோம். குஜராத்தின் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகத் தனிச் சாவடி போட்ட தேர்தல் ஆணையம் நம்முடையது. டியூட்டி பார்த்தவன் என்ற முறையில் அந்த ஒரு சாவடியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமை. ஒரு ஆளுக்காகக் காட்டுக்குள் போகிறவர்களுக்கு, மொத்த ஆளும் ஒரே இடத்தில் பெயர், விலாசம், அடையாளம் எல்லாம் பதிவேட்டில் இருக்க உட்கார்ந்திருக்கும் சிறை எப்படி எட்டாமல் போகும்? தடுப்புக் காவல்காரர்களுக்குத் தபால் ஓட்டு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதே வழியில் மற்றவர்களுடையதும் போகலாம்.

இதுவரை வந்தவர்களில் பலர், "சரி, விசாரணைக் கைதிக்குக் கொடுக்கலாம். கொலை செஞ்சவனுக்குமா?" என்று கேட்பார்கள். அதுதான் கஷ்டமான இடம். மகளைப் பறிகொடுத்த ஒரு அப்பா இதைப் படித்துவிட்டுக் கொதித்தால் அவரிடம் நான் வாதம் செய்ய மாட்டேன். ஆனால் அவருக்கு நியாயம் செய்வது அந்த வழக்கு ஒழுங்காக நடப்பதும், தண்டனை உறுதியாவதும்தான். குற்றவாளி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடாமல் இருப்பதால் அந்த வீட்டுக்கு எதுவும் திரும்பி வருவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் 1999-ல் கைதிகளும் ஓட்டுப் போட வழி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒவ்வொரு குடிமகனின் ஓட்டும் அவருடைய கண்ணியத்தின் அடையாளம், எல்லோரும் கணக்கில் வருகிறார்கள் என்று அது சொல்கிறது என அந்தத் தீர்ப்பில் எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காக விசாரணையே இல்லாமல் தனிச் சிறையில் கிடந்தவர் அவர். 1988-ல் மொசாம்பிக்கின் மாபுடோவில் அவருடைய காரில் வைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர். குற்றத்தின் வலி தெரியாமல் கைதிக்குப் பரிந்து பேசுகிறார் என்று அவரைச் சொல்ல முடியாது. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2002-ல், ஐந்துக்கு நான்கு என்ற நூலிழை வித்தியாசத்தில், தண்டனைக் கைதிகளின் ஓட்டுரிமையைக் காப்பாற்றியது. பிரிட்டனில் எல்லாத் தண்டனைக் கைதிகளுக்கும் ஒட்டுமொத்தமாகத் தடை போட்டது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005-ல் சொன்ன பிறகு, அந்த நாடு பல வருடம் இழுத்தடித்து, தற்காலிகமாக வெளியே வரும் சில கைதிகளுக்கு மட்டும் கதவைத் திறந்தது.

என் காரணம் இன்னும் எளிமையானது. எந்தச் செயல் குற்றம், அதற்கு எத்தனை வருடம், பெயில் யாருக்கு என்றெல்லாம் சட்டம் எழுதுவது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஆட்கள். அந்தச் சட்டத்தின் முழுப் பாரத்தையும் தாங்குபவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒரு வாய் இருக்க வேண்டும். ஓட்டு இல்லாத இடத்துக்கு வேட்பாளர் வருவதில்லை. நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் நூற்றைம்பது பேர் படுக்கிறார்கள் என்றால், அதைக் கேட்டு யார் பிரசாரத்தில் வாக்குறுதி கொடுப்பார்கள்?

தவிர, ஓட்டுரிமையைப் பறிப்பதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொண்டாலும் அது தாறுமாறான தண்டனை. சட்டமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள் உள்ளே போய் அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு முன் வெளியே வருபவர் நாலு வருடம் இருந்தும் சட்டமன்றத்துக்கான ஒரு ஓட்டைக்கூட இழப்பதில்லை. ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் பதினைந்து நாள் ரிமாண்டில் போனவர் இழந்துவிடுகிறார். குற்றத்தின் கனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் முழுமனதோடு ஏற்கிறேன். ஓட்டுக்குக் காசு, ஆள்மாறாட்டம் போன்ற தேர்தல் குற்றங்களில் தண்டனை பெற்றால் ஆறு வருடம் ஓட்டுரிமை போகும் என்று நம் சட்டத்திலேயே பிரிவு 11ஏ இருக்கிறது. தேர்தலையே கெடுத்தவருக்குத் தேர்தலில் இடமில்லை. குற்றத்துக்கும் பறிபோவதற்கும் அங்கே நேரடித் தொடர்பு இருக்கிறது.

உள்ளே இருக்கும் தாதாவோ, வார்டரோ மிரட்டி ஓட்டு வாங்கிவிட மாட்டார்களா என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் சிறைக்குள் பெட்டி வைத்து அங்கேயே எண்ணுவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டாயிரம் ஓட்டு ஒரே பெட்டியில் விழுந்தால் யார் சொல்படி விழுந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், பேரமும் ஆரம்பிக்கும். ஒவ்வொருவர் ஓட்டும் அவரவர் சொந்தத் தொகுதிக்குத் தபாலில் போய், மற்ற தபால் ஓட்டுகளோடு கலந்து எண்ணப்பட வேண்டும். அப்போது எந்தச் சிறை யாருக்குப் போட்டது என்று எவராலும் கணக்குச் சொல்ல முடியாது. மறைப்புக்குள் தனியாக நின்று குறிக்க வேண்டும், அருகில் சிறை ஊழியர் இருக்கக் கூடாது, வெளியிலிருந்து வரும் தேர்தல் ஊழியர்தான் உறையை வாங்கி ஒட்ட வேண்டும். இது எங்களைப் போன்றவர்கள் ஒரு நாள் பயிற்சியில் கற்றுக்கொள்ளும் வேலை.

அந்த அம்மாவை ஐந்தாறு மாதம் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. மகனை மனு போட்டுப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். "அன்னிக்கு நடந்ததைச் சொன்னேன் சார். நம்ம பூத்துல எத்தனை ஓட்டு விழுந்துச்சு, யாரு முன்னாடின்னு அதையே கேட்டுக்கிட்டிருந்தான். எனக்கு எங்க தெரியும்?" எனக்கும் எண்ணிக்கை ஞாபகமில்லை. தேடிச் சொல்கிறேன் என்றேன். தேர்தல் ஆணையம் சாவடிவாரியாக வெளியிடும் கணக்கிலிருந்து எழுதி, அடுத்த முறை அவர் போகும்போது கொடுத்தனுப்பினேன்.

சட்டம் மாற ஒரு பெரிய புரட்சி வேண்டியதில்லை. பிரிவு 62(5)-ல் இன்னமும் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனை, என்ற சொல் இருக்கிறது. அந்தத் தண்டனையையே 1955-ல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து எடுத்துவிட்டார்கள், இந்த வரியை யாரும் தொடவில்லை. நாடாளுமன்றம் மனது வைத்தால் முதலில் அதே வரியில் உள்ள "வேறு எப்படியோ" என்பதை நீக்கலாம். விசாரணைக் கைதிகளுக்குப் பூட்டு அங்கேதான் தொங்குகிறது. தண்டனைக் கைதிகளைப் பற்றிய விவாதம் அதற்குப் பிறகு எத்தனை வருடம் வேண்டுமானாலும் நடக்கட்டும், நான் அதிலும் இதே பக்கம்தான் நிற்பேன்.