மனசுக்கு மனசு சேதி போகுமா? – கேள்வி பதில்

கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தியவன் நான். டெலிபதி பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கரூர்: சார், அம்மாவை நினைத்த மறுநொடி அம்மாவிடமிருந்தே போன். டெலிபதிதானே?

அம்மாவை ஒரு நாளில் எத்தனை தடவை நினைக்கிறீர்கள்? போன் வராத தடவைகள் ஞாபகத்தில் தங்குவதில்லை. ஒரு நோட்டு போடுங்கள். நினைத்தவுடன் மணியோடு குறியுங்கள். போன் வந்த பிறகு எழுதினால் செல்லாது. மாசக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்.

மதுரை: மூளையில் மின்சாரம் ஓடுகிறதே, ரேடியோ மாதிரி பரவாதா?

இதே யோசனைதான் மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.க்கே வழிவிட்டது. 1890களில் ராணுவப் பயிற்சியில் இருந்த ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் இளைஞர் குதிரையிலிருந்து விழுந்தார். பீரங்கி வண்டிக்கு அடியில் போகாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி, நலமா என்று. அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பெர்கரின் சகோதரி பதறியிருக்கிறார். அந்தத் தந்தி பெர்கரைக் கடைசிவரை விடவில்லை. மனநல மருத்துவராகி, 1924இல் மனித மூளை அலையை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். அலையோ மைக்ரோவோல்ட் கணக்கு, அதாவது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில். மின்முனையைத் தலையோடு ஒட்டினால்தான் கருவிக்கே எட்டும்; அடுத்த ஊருக்கு எங்கே போவது? ஆனாலும் பெர்கரை நான் கும்பிடுவேன். நம்பியதை அளந்து பார்க்கத் துணிந்தவர். அவர் கருவி இன்றும் வலிப்பு நோயைக் கண்டறிய உதவுகிறது.

தஞ்சாவூர்: ஐந்து சின்னங்களில் ஏதோ ஒன்று போட்ட அட்டையை நான் பார்க்க, அது எதுவென்று என் மகள் 25க்கு 9 சரியாகச் சொன்னாள்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரி 5 வரும். 9 அல்லது அதற்கு மேல் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு வரும். திரும்பச் செய்யுங்கள், உங்கள் முகம் அவள் கண்ணில் படாமல். விடைகளை முதலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

சேலம்: தங்கையை நினைத்தேன், உடனே போன்...

கரூர்க்காரருக்குச் சொன்னதுதான். நோட்டு.

கோவை: திருவிழாவில் துணி போர்த்திப் படுத்திருந்த பையன் என் கையில் இருந்ததைச் சொன்னானே?

கேட்பவர் பேச்சைக் கவனியுங்கள். ‘சொல்லு’, ‘சட்டுனு சொல்லு’, ‘நல்லாப் பாத்துச் சொல்லு’ – இன்னதற்கு இன்ன பொருள் என்று முன்பே பேசி வைத்துப் பழகிய வித்தை அது.

விருதுநகர்: பக்கத்து வீட்டுக்காரர் என் எண்ணத்தைப் படிக்கிறார். தூக்கமே இல்லை.

தம்பி, இதற்கு என்னிடம் பதில் தேடாதீர்கள். இன்றே மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416க்கு இலவசமாகப் பேசலாம்.

சென்னை: கண்மேல் பாதிப் பிங்பாங் பந்தை வைத்து, காதில் இரைச்சல் விட்டு, அடுத்த அறையில் இருப்பவர் பார்த்த படம் நாலில் எதுவென்று கேட்ட கான்ஸ்ஃபெல்ட் சோதனையில் 25க்குப் பதில் 32 சதவீதம் வந்ததே! அதையும் தள்ளுவீர்களா?

தள்ளமாட்டேன். பெம், ஹானர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட நல்ல ஆய்வு அது. ஆனால் பிறகு வந்த 30 ஆய்வுகளைச் சேர்த்து 1999இல் மில்டனும் வைஸ்மனும் கணக்கிட்டபோது அந்தக் கூடுதல் நிற்கவில்லை.

சென்னை (மறுபடி): அவர்கள் நம்பாதவர்கள். நம்பாதவருக்கு வராது.

அப்படியானால் சாமுவேல் சோல்? லண்டன் கணித ஆசிரியர், சந்தேகத்தோடு தொடங்கியவர். 1940களில் டெலிபதி அட்டைச் சோதனைகளில் அவருக்குப் பிரமாதமான முடிவுகள் ‘வந்தன’. உங்கள் அணியே அவரைத் தலையில் தூக்கி வைத்தது. 1978இல் பெட்டி மார்க்விக், எந்த அட்டையைக் காட்டுவது என்று முடிவு செய்ய சோல் பயன்படுத்திய எண் வரிசைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இடையில் எண்கள் செருகப்பட்டதையும், செருகிய இடங்களில்தான் விடைகள் சரியாக விழுந்ததையும் காட்டினார். மார்க்விக் யார் தெரியுமா? சோல்மீது பழி விழாமல் காப்பாற்ற முடியுமா என்று பார்க்கத்தான் அந்த வேலையில் இறங்கினார்.