கூரையில் இரண்டு அன்ரெனா: ரொறன்ரோவில் காற்றில் வரும் ரிவி, கேள்வி பதில்

ஸ்காபரோவில் என்ரை கூரையில் இரண்டு அன்ரெனா நிக்குது. ஒண்டு தென்மேற்கே, ரொறன்ரோ நிலையங்கள் அனுப்புற சிஎன் கோபுரத்தைப் பார்க்குது, மற்றது ஏரிக்கு அங்காலை அமெரிக்க நகரமான பஃபலோவை. ஒவ்வொண்டுக்கும் தனிக் கேபிள், தனி ரியூனர் (சிக்னலிலை இருந்து நிலையத்தைப் பிரிச்செடுக்கிற பெட்டி). இதைப் பற்றிக் கேட்க நினைச்சதெல்லாம் கேளுங்கோ. கேட்ட ஆக்களை ஊர்ப் பேராலை குறிச்சிருக்கிறன்.

மல்வேர்ன்: அண்ணை, மாதக் காசு கட்டிற கேபிளை நிப்பாட்டப் போறம். சும்மா என்னென்ன வரும்?

சிஎன் கோபுரம் உங்களுக்கு 20 கிலோமீற்றர் அளவிலைதான். சிபிசி 5.1 (ரிவியிலை காட்டுற நிலைய இலக்கம்), சிரிவி 9.1, ரிவிஓ 19.1, குளோபல் 41.1, சிற்றி 57.1 எல்லாம் சின்ன அன்ரெனாவிலேயே வரும். ஏரியைத் தாண்டினால் என்பிசி 2.1, சிபிஎஸ் 4.1, ஏபிசி 7.1, பிபிஎஸ் 17.1, ஃபொக்ஸ் 29.1. ஆனால் 17உம் 29உம் பஃபலோவுக்குக் கிட்ட உள்ள கிராண்ட் ஐலண்ட் தீவிலை இருந்து வருது, 85 கிலோமீற்றர் அளவு. 2, 4, 7 பஃபலோவுக்கும் தெற்கே மலைப்பக்கம், 130 வரும். அதுக்குக் கூரையும் பெரிய யுஎச்எஃப் (மேல் அலைவரிசைப் பட்டை) அன்ரெனாவும் வேணும். படமும் நல்லாயிருக்கும், கேபிள்காரர் மாதிரித் திரும்ப அமுக்காமல் நிலையம் அனுப்பினபடியே வரும். சூப்பர் போலுக்கு அமெரிக்க விளம்பரங்களும் பார்க்கலாம், கேபிளிலை அதுக்கு மேலை கனடா விளம்பரத்தைப் போட்டு மூடுவினம்.

கூரையிலை ஏறுறதெண்டால் மின்கம்பி எங்கை போகுது எண்டு முதல் பாருங்கோ. கம்பத்தையும் கேபிளையும் வீட்டு எர்த்தோடை இணையுங்கோ.

மார்க்கம்: "4கே அன்ரெனா" எண்டு 200 டொலருக்கு விக்கிறாங்கள். வாங்கலாமோ?

வேண்டாம். அன்ரெனாவுக்கு எச்டியும் தெரியாது, 4கேயும் தெரியாது. அலைவரிசை மட்டும்தான் தெரியும்.

பிக்கறிங்: சன் ரிவி, விஜய் ரிவி வருமோ?

வராது.

அஜக்ஸ்: அப்பா 90களிலை பூட்டின பழைய அன்ரெனா கூரையிலை கிடக்கு. டிஜிற்றலுக்கு உதவுமோ?

தாராளமாய். இங்கை 2011 ஓகஸ்ட் 31இலை அனலொக் நிண்டது, அமெரிக்காவிலை 2009 யூன் 12. மாறினது அனுப்புற முறை, அன்ரெனா இல்லை. இப்ப ரிவிக்கு 36ஆம் அலைவரிசை வரைதான் (41.1, 57.1 எண்டுறது திரையிலை காட்டுற இலக்கம், உண்மையான அலைவரிசை இல்லை), அதுக்கு மேலை கைத்தொலைபேசிக்குப் போயிட்டுது. சிரிவியின்ரை 9.1 இன்னும் கீழ்ப் பட்டையான விஎச்எஃப்பிலைதான் வருது, அதனாலை நீட்டுக் கம்பி உள்ள பழைய அன்ரெனா உங்களுக்கு நல்லது.

கேபிளை மட்டும் மாத்துங்கோ. போன வருசம் ஒரு வீட்டிலை 17.1 மழைக்குப் பிறகு போகும், வெயிலுக்கு வரும். கம்பத்திலை இருந்த கனெக்ரரைக் கழற்றினன். உள்ளுக்கு நடுக்கம்பியைச் சுத்திப் பச்சைத்தூள். கேபிளைச் சாய்ச்சுப் பிடிக்க, பின்னலுக்குள்ளாலை தண்ணி சொட்டுது. அன்ரெனாவிலை ஒரு பிழையும் இல்லை.

ஸ்காபரோ: அண்ணை, ஒரு கேபிளை இரண்டாய்ப் பிரிக்கிற ஸ்பிளிற்றரைத் திருப்பிப் போட்டு இரண்டு அன்ரெனாவையும் ஒரே கேபிளிலை சேர்த்தன். பஃபலோ கொஞ்சம் வருது, ஆனால் வடிவாய் வந்த 5.1 உடையுது.

தம்பி, அதைத்தான் செய்யக்கூடாது. பஃபலோவைப் பார்க்கிற அன்ரெனா சிஎன் கோபுரத்தைப் பிடிக்காது எண்டு நினைக்கிறீங்கள். கோபுரம் 553 மீற்றர், உங்களுக்குப் பக்கத்திலை நிக்குது. பக்கவாட்டாலையும் பலமாய் நுழையும். இப்ப 5.1 இரண்டு வழியாலை வந்து ஸ்பிளிற்றரிலை சந்திக்குது. 500 மெகாஹேர்ட்ஸ் அலை 60 சென்ரிமீற்றர் நீளம். ஒரு வழி 30 சென்ரிமீற்றர் கூடினால் மேடும் பள்ளமும் சந்திச்சு ஒண்டையொண்டு அழிக்கும். பஃபலோவிலையும் ஸ்பிளிற்றராலை 3.5 டெசிபல் (சிக்னல் பலத்தை அளக்கிற அலகு) போச்சு.

சென்ற் கதரின்ஸ்: இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். ஆறு வருசமாய் அப்படித்தான் சேர்த்து வைச்சிருக்கிறன். இரண்டு பக்கமும் வருது.

உங்கடை இடத்தைப் பாருங்கோ. கோபுரம் உங்களுக்கு வடக்கே ஏரிக்கு அந்தப் பக்கம், கிராண்ட் ஐலண்ட் தென்கிழக்கே. இரண்டும் ஏறக்குறைய முதுகோடை முதுகு. ஒவ்வொரு அன்ரெனாவின்ரை பின்கம்பிவலையும் மற்றப் பக்கத்தைத் தடுக்குது. ஸ்காபரோவிலை இரண்டுக்கும் இடையிலை 60 பாகை அளவுதான்.

அதே ஆள்: அப்ப இரண்டு கேபிளையும் ஒரே நீளமாய் வெட்டினால் ஸ்காபரோவிலும் சரிவருமே?

வராது. சம நீளம் உதவுறது ஒரே மாதிரி இரண்டு அன்ரெனா, ஒரே திசையைப் பார்க்கிறபோது. அப்ப 2.5 டெசிபல் அளவு லாபமும் கிடைக்கும். திசை வேறெண்டால் அலை காற்றிலை வாற தூரமே வேறாகுது, கேபிளாலை அதைத் திருத்தேலாது. ஆனால் உங்கடை வீட்டிலை வேலை செய்யுது எண்டதை நான் மறுக்கேல்லை. அதைக் கழற்ற வேண்டாம்.

வூட்பிரிட்ஜ்: யுஎச்எஃப் ஒண்டு, விஎச்எஃப் ஒண்டு. அதையும் சேர்க்கக்கூடாதோ?

அது சேர்க்கலாம். அதுக்கெண்டே கலப்பான் விக்கினம். இரண்டு பட்டையையும் வடிகட்டிப் பிரிக்கிறதாலை மோதாது.

ஸ்காபரோத் தம்பி திரும்ப: அப்ப நான் என்ன செய்ய?

இரண்டு அன்ரெனா, இரண்டு கேபிள், இரண்டு ரியூனர் பெட்டி. எச்டிஹோம்ரன் மாதிரி, வீட்டு இணைய வலையமைப்பாலை படத்தை அனுப்புற ரியூனர் எண்டால் இரண்டையும் பேஸ்மென்ற்றிலை ரவுற்றருக்குப் பக்கத்திலை வையுங்கோ. நாலு ரியூனர் உள்ள பெட்டிக்கும் அன்ரெனா நுழைவாய் ஒண்டுதான், அதனாலைதான் இரண்டு பெட்டி. பிளெக்ஸ் அல்லது ஜெல்லிஃபின் எண்ட மென்பொருள் இரண்டையும் ஒரே நிகழ்ச்சிப் பட்டியலாய்க் காட்டும். ஒரு அலைவரிசை செக்கனுக்கு 19.39 மெகாபிற், மணித்தியாலத்துக்கு 8.7 கிகாபைற்றுக்கு மேலை போகாது. பதிவு செய்து வைச்சாலும் வட்டுக்கு அது பெரிசில்லை.

மிசிசாகா: பூஸ்ரர் போட்டால் எல்லாம் வருமோ?

30 மீற்றர் கேபிள் 5, 6 டெசிபல் தின்னும், நாலாய்ப் பிரிச்சால் இன்னும் 7. அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் பூஸ்ரர், அதுவும் கம்பத்திலை அன்ரெனாவுக்குக் கிட்ட. இரைச்சலை விடச் சிக்னல் 15 டெசிபல் அளவு மேலை நிக்கோணும், அன்ரெனாவிலேயே அது இல்லாட்டி பூஸ்ரர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருப்பிக்கும். கோபுரத்துக்குக் கிட்டவெண்டால் பூஸ்ரர் திக்குமுக்காடி வந்ததையும் கெடுக்கும்.

பிராம்ரன்: பூஸ்ரர்...

மிசிசாகாவுக்குச் சொன்னதை வாசியுங்கோ.

நோர்த் யோர்க்: 14ஆம் மாடி, பல்கனி வடக்கே பார்க்குது. பஃபலோ?

இல்லை. கோபுரம் எதிர்க்கட்டடத்திலை பட்டுத் தெறிச்சு வரலாம், சின்னனாய் ஒண்டை வாங்கி, திருப்பிக் குடுக்கலாமெண்டு கேட்டு, பூட்டிப் பாருங்கோ.

ஓஷவா: நேற்றிரவு ஒருநாளும் வராத நிலையமெல்லாம் வந்தது, காலமை ஒண்டுமில்லை.

கோடையிலை குளிர்ந்த ஏரிக்கு மேலை சூடான காற்றுப் படுத்தால் அலை அதுக்குள்ளை வளைஞ்சு கனதூரம் போகும். அண்டைக்கு வந்ததை வைச்சு அன்ரெனாவைத் திருப்பாதேங்கோ.

ஸ்காபரோத் தம்பி: அண்ணை, பிரிச்சுப் பூட்டினன். 5.1 கல்லு மாதிரி நிக்குது, 17.1உம் வருது!

சந்தோசம் தம்பி. எர்த் கம்பி போட்டாச்சோ? இருட்ட முதல் போட்டுட்டு எனக்குச் சொல்லுங்கோ.