விடை உண்மைதான், புள்ளி ஏன் இல்லை? வானியல் பந்தியில் கிரகித்தல் வினாக்கள்

கேள்வி: எனது மகள் தரம் 11இல் படிக்கிறாள். எங்கள் வீடு உப்புவெளியில். இரவில் கடற்கரையில் நின்று நட்சத்திரம் பார்ப்பதிலும் வானியல் நூல்களை வாசிப்பதிலும் அவளுக்கு மிகுந்த விருப்பம். அண்மையில் தமிழ்ப் பாடப் பயிற்சித் தாளில் சந்திரனைப் பற்றிய பந்தி ஒன்று கிரகித்தலுக்கு வந்தது. 12 புள்ளிக்கு 5 புள்ளிதான் எடுத்தாள். வானியல் பற்றி ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் 9, 10 எடுத்திருக்கிறார்கள். "நான் எழுதியது எல்லாம் உண்மைதானே அம்மா" என்று அழுகிறாள். பந்தியையும் அவளது விடைகளையும் இணைத்திருக்கிறேன். எங்கே பிழை? - ஒரு தாய், திருகோணமலை.

பதில்: அம்மா, மகளின் விடைகளை இரண்டு தடவை வாசித்தேன். வானியற் பிழை ஒன்றுகூட அவற்றில் இல்லை. திருத்திய ஆசிரியரும் நியாயமாகவே திருத்தியிருக்கிறார். கிரகித்தலில் பார்க்கப்படுவது, கையிலிருக்கும் பந்தியைப் பிள்ளை எவ்வளவு கூர்ந்து வாசித்தாள் என்பது மட்டுமே. பந்திக்கு வெளியே அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அதை எடைபோட அங்கே தராசு கிடையாது. இதைப் புரியவைக்காமல் "கவனமாக வாசி" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. ஆகவே வினா வினாவாகப் பார்ப்போம். முதலில் பந்தி, மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கி:

"சூரியனின் விட்டம் சந்திரனின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. ஆனால் சூரியன் சந்திரனை விட ஏறக்குறைய 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. இதனால் இரண்டும் வானில் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தோன்றுகின்றன. சந்திரனின் பாதை நீள்வட்டமானது. புவிக்கு அருகே வரும்போது அது ஏறக்குறைய 3 இலட்சத்து 63 ஆயிரம் கிலோமீற்றர் தொலைவில் நின்று சற்றுப் பெரிதாகத் தோன்றும். விலகும்போது ஏறக்குறைய 4 இலட்சத்து 5 ஆயிரம் கிலோமீற்றர் வரை சென்று சிறிதாகத் தோன்றும். சிறிதாகத் தோன்றும் வேளையில் கிரகணம் நேர்ந்தால் சந்திரனால் சூரியனை முழுவதும் மறைக்க இயலாது; விளிம்பு ஒளிவளையமாக எஞ்சி நிற்கும். இதுவே கங்கண கிரகணம். 2019 டிசம்பர் 26ஆம் திகதி நிகழ்ந்த இத்தகைய கிரகணத்தின் பாதையில் யாழ்ப்பாணமும் திருகோணமலையும் இருந்தன.

1969இல் அப்பலோ 11 விண்வெளி வீரர்கள், ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் கருவி ஒன்றைச் சந்திரனில் வைத்தனர். புவியிலிருந்து செலுத்தப்படும் லேசர் ஒளி அக்கருவியில் பட்டுத் திரும்புகிறது. அது சென்று மீள எடுக்கும் நேரத்தைக் கொண்டு சந்திரனின் தொலைவு அளக்கப்படுகிறது. சந்திரன் ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 சென்ரிமீற்றர் விலகிச் செல்வதை இந்த அளவீடுகள் காட்டுகின்றன. விலகல் தொடர்ந்தால், பல கோடி ஆண்டுகளின் பின் முழுச் சூரிய கிரகணம் புவியில் தெரியாது. அக்காட்சியைக் காணும் பேறு நமது காலத்துக்கு வாய்த்திருக்கிறது."

இரண்டாவது வினாவிலிருந்து தொடங்குகிறேன். மகளின் கண்ணீருக்கு அதுவே காரணமாக இருந்திருக்கும். "கங்கண கிரகணம் எப்போது ஏற்படுகிறது?" என்பது வினா. அவள் எழுதியது: "டிசம்பர் இறுதியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் புவி சூரியனுக்கு அருகில் இருக்கிறது. அதனால் சூரியன் பெரிதாகத் தெரிவதால் சந்திரனால் முழுவதும் மறைக்க முடிவதில்லை." இதை வாசித்தபோது உள்ளம் நிறைந்தது. புவி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனிலிருந்து ஏறக்குறைய 14 கோடியே 70 இலட்சம் கிலோமீற்றரிலும் யூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய 15 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றரிலும் இருக்கிறது. 2019 டிசம்பர் கிரகணம் வளையமாகத் தெரிந்ததில் அந்த அண்மைக்கும் பங்கு உண்டு. பந்தியை எழுதியவர் அதைத் தொடவில்லை, மகள் தொட்டுவிட்டாள்.

ஆனாலும் புள்ளி பூச்சியம். பந்தியில் இந்த வினாவுக்கு விடையாக இருக்கும் வரி "சிறிதாகத் தோன்றும் வேளையில் கிரகணம் நேர்ந்தால்" என்று தொடங்குகிறது. சந்திரன் புவியை விட்டு விலகிச் சிறிதாகத் தோன்றும்போது கிரகணம் நேர்ந்தால் கங்கண கிரகணம் ஏற்படும் என்று எழுதினால் முழுப் புள்ளி. மகளின் விடையில் சந்திரனின் தொலைவு பற்றிப் பேச்சே இல்லை. பந்தியைக் கண்ணால் பார்க்காமலே அந்த விடையை எழுதியிருக்கலாம். ஆசிரியர் கவனிப்பதும் அதைத்தான். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வழி இது: விடை எழுதி முடித்ததும் இடது கை விரலைப் பந்தியில், அந்த விடை பிறந்த வரியின் மேல் வைக்க வேண்டும். விரலுக்கு இடம் கிடைக்காவிட்டால், விடை எவ்வளவு உண்மையானாலும் அழித்துவிட்டு மறுபடி வாசிக்க வேண்டும். மகளிடம் அவளது ஆறு விடைகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் விரல் வைக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே விரல் தடுமாறுகிறது என்று அவளே கண்டுகொள்வாள்.

முதலாவது வினாவில் நடந்தது வேறு. "சூரியனும் சந்திரனும் வானில் ஒரே அளவாகத் தோன்றுவது ஏன்?" இரண்டு புள்ளி. "சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால்" என்று எழுதி ஒரு புள்ளி பெற்றிருக்கிறாள். இங்கே விரலுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பந்தியில் உள்ள "இதனால்" என்ற சொல்லைப் பாருங்கள். அது தனக்கு முன்னுள்ள இரண்டு வசனங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விட்டத்தில் 400 மடங்கு என்பது ஒன்று, தொலைவிலும் 400 மடங்கு என்பது மற்றது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதுதான் காரணம். தொலைவை மட்டும் சொன்னால் சூரியன் சிறிதாகத் தெரிவதற்குக் காரணம் கிடைக்கிறது. சந்திரனோடு ஒத்துப்போவதற்குக் கிடைக்கவில்லை. இரண்டு புள்ளி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இரண்டு செய்திகள் எதிர்பார்க்கப்படுகின்றன. அறிவியல் பந்தி வாசிக்கும்போது ஆனால், இதனால், ஆகவே, எனினும், இதுவே என்ற சொற்களைப் பென்சிலால் சுற்றிவைக்கும் பழக்கம் பெரிய துணை. எண்களையும் பெயர்களையும் பிள்ளைகள் தாமாகவே கோடிட்டுவிடுகிறார்கள். பந்தியின் மூட்டுகள் இந்தச் சிறு சொற்களில் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

"அது சென்று மீள எடுக்கும் நேரம்" என்பதில் "அது" எதைக் குறிக்கிறது என்ற மூன்றாவது வினாவுக்கு லேசர் ஒளி என்று சரியாகவே எழுதியிருக்கிறாள்.

நான்காவது வினா சொற்பொருள். "பேறு" என்பதற்குப் "பிள்ளை பெறுதல்" என்று எழுதியிருக்கிறாள். பேறு என்ற சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. மகப்பேறு என்கிறோம், பேறுகாலம் என்கிறோம். ஆனால் வினாவில் "பந்தியில் வந்துள்ள பொருளைத் தருக" என்று தெளிவாக இருக்கிறது. எழுதிய பொருளைப் பந்தியில் அந்தச் சொல் இருந்த இடத்திலேயே வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். "அக்காட்சியைக் காணும் பாக்கியம் நமது காலத்துக்கு வாய்த்திருக்கிறது" என்றால் வசனம் சரியாக ஓடுகிறது. "காணும் பிள்ளை பெறுதல்" என்று வைத்தால் அங்கேயே முறிந்துவிடும். அரை நிமிட வேலை. ஆனால் அதைச் செய்யும் பிள்ளைகள் குறைவு.

ஐந்தாவது வினாவே இந்தத் தாளில் நல்ல வினா. "மிகப் பழங்காலத்தில் சந்திரன் இப்போதையதை விடப் பெரிதாகத் தோன்றியிருக்குமா? பந்தியை ஆதாரமாகக் கொண்டு விளக்குக." இதற்கு நேரடியான விடை பந்தியில் எங்கும் இல்லை. பிள்ளைகள் இங்கேதான் விரலை எடுத்துவிட்டு வெளியே தேடப் போகிறார்கள். மகளும் அப்படித்தான் போயிருக்கிறாள். "ஆம். சந்திரனின் ஈர்ப்பால் கடலில் வற்றுப்பெருக்கு உண்டாகிறது, அதனால் புவியின் சுழற்சி மெதுவாகிறது, சந்திரன் விலகுகிறது" என்று எழுதியிருக்கிறாள். விலகலுக்கு உண்மையான காரணம் அதுவே. "ஆம்" என்றதற்கு ஒரு புள்ளி கிடைத்தது, விளக்கத்துக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய உய்த்தறி வினாவில் ஒரு விரல் போதாது, இரண்டு விரல் வைக்க வேண்டும். ஒரு விரல் இரண்டாம் பந்தியில்: சந்திரன் ஆண்டுதோறும் விலகிச் செல்கிறது. மற்ற விரல் முதலாம் பந்தியில்: அருகே வரும்போது பெரிதாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்தால், ஆண்டுதோறும் விலகுகிறதென்றால் முன்னொரு காலத்தில் அருகில் இருந்திருக்க வேண்டும், அருகில் இருந்திருந்தால் பெரிதாகத் தோன்றியிருக்கும். விடை அவ்வளவுதான். விலகலுக்குக் காரணம் என்ன என்று வினா கேட்கவே இல்லை. கேட்காததற்கு விடை எழுதுவதில் அறிவுள்ள பிள்ளைகளின் நேரம் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தலைப்பு வினாவில் "சந்திரன்" என்று எழுதி ஒரு புள்ளி. அது பந்தியை விட மிக அகலமானது. சந்திரனின் பள்ளங்களைப் பற்றிய கட்டுரைக்கும் அதே தலைப்பை வைக்கலாம். "கங்கண கிரகணம்" என்றால் மிகக் குறுகிவிடும், இரண்டாம் பந்தி வெளியே நின்றுவிடும். "சந்திரனின் தொலைவும் சூரிய கிரகணமும்" என்பது போல, இரண்டு பந்திகளிலும் கால் வைத்திருக்கும் தலைப்பாக இருக்க வேண்டும்.

இந்தத் தாளில் இல்லாத ஒரு வினாவகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்; மகள் பின்னாளில் ஐஈஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் போனால் அங்கே அது காத்திருக்கும். ஒரு கூற்றைத் தந்து சரி, பிழை, கூறப்படவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தெரியச் சொல்வார்கள். "ஒவ்வோர் அமாவாசையிலும் சூரிய கிரகணம் ஏற்படுகிறது" என்ற கூற்று மேலுள்ள பந்திக்குக் கொடுக்கப்பட்டால் மகள் கண்ணை மூடிக்கொண்டு "பிழை" என்பாள். சந்திரனின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பந்தியில் அமாவாசை என்ற சொல்லே இல்லை. விடை: கூறப்படவில்லை. "முழுச் சூரிய கிரகணம் இனி ஒருபோதும் தெரியாது" என்பதோ பிழை, ஏனெனில் பல கோடி ஆண்டுகளின் பின் என்று பந்தி காலம் குறித்திருக்கிறது. ஏறக்குறைய, கிட்டத்தட்ட, பல, மட்டும், ஒருபோதும் ஆகிய அளவுச் சொற்களை விட்டுவிட்டு வாசித்தால் இத்தகைய கூற்றுகளில் வழுக்கி விழ நேரும்.

முதலில் வினாக்களை வாசித்துவிட்டுப் பந்திக்குப் போகும்படி பல பிரத்தியேக வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கதைப் பந்திக்கு அது உதவலாம். அறிவியல் பந்திக்கு நான் அதை ஏற்பதில்லை. வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு தேடும் கண் பெயரையும் எண்ணையும் கண்டதும் அங்கேயே நின்றுவிடுகிறது. "இதனால்" எங்கே கைநீட்டுகிறது என்று பார்ப்பதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பந்தியை ஒரு தடவை முழுவதும் வாசிக்கட்டும். பிறகு வினாக்கள், பிறகு பென்சிலோடு மறுபடி பந்தி. மகளைப் போல விடயம் தெரிந்த பிள்ளைக்கு இந்த முதல் வாசிப்பு இன்னும் முக்கியமானது. "இது எனக்குத் தெரியும்" என்ற எண்ணம் வந்ததும் கண் வரிகளைத் தாண்டிப் போகத் தொடங்கிவிடும்.

அவளது அறிவை மறைத்துவைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். "உமது கருத்தை எழுதுக" என்று வரும் வினாவிலும் கட்டுரையிலும் புவியின் அண்மையையும் வற்றுப்பெருக்கையும் தாராளமாக எழுதலாம். அங்கே அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் இருக்காது.

இன்றிரவு செய்து பார்க்க ஒரு சிறு பந்தி தருகிறேன். வானம் தெளிந்திருந்தால் கடற்கரையில் நின்று வடக்கே பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். "துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறக்குறைய அவ்விடத்தின் வட அகலக்கோடு. திருகோணமலை ஏறக்குறைய எட்டரைப் பாகையில் இருப்பதால் அங்கு அந்நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டியே தெரியும். வடக்கே பருத்தித்துறையில் அது சற்று உயர்ந்து தெரியும்." வினா: தென்கோடியிலுள்ள தெய்வேந்திரமுனையில் துருவ நட்சத்திரம் திருகோணமலையில் தெரிவதை விட உயர்ந்து தெரியுமா, தாழ்ந்து தெரியுமா? பந்தியை ஆதாரமாகக் கொண்டு விளக்குக. இரண்டு புள்ளி.

நீங்களே திருத்தலாம். "தாழ்ந்து" என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளி. தெற்கே போகப் போக அகலக்கோடு குறைகிறது, நட்சத்திரத்தின் உயரம் அகலக்கோட்டுக்குச் சமம், ஆகவே தாழ்ந்து தெரியும் என்று முதல் வசனத்தில் விரல் வைத்து எழுதினால் இரண்டும் கொடுங்கள். கடலோடிகள் இந்த நட்சத்திரத்தை வைத்துத் திசை கண்டதைப் பற்றி எழுதியிருந்தால், ஆவலோடு கேட்டுக்கொள்ளுங்கள். புள்ளி மட்டும் போடாதீர்கள்.